பந்தலுக்கு ஒரு பங்கு

நிழல் என்பது பந்தலுக்குக் கீழேதான் இருக்கும் என்று நாற்பத்திரண்டு வயது வரை நம்பியிருந்தேன். இத்தனைக்கும் நான் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறவன். ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டு, அதைப் படித்து வராத பிள்ளைகளை வெயிலில் நிறுத்தியவன். (அந்தப் பிள்ளைகளின் சாபம்தான் பலித்தது என்பது என் மனைவி சுஜாவின் கண்டுபிடிப்பு.)

எல்லாம் ஒரு பழைய ஜீப்பில் தொடங்கியது. ஜீப் வாங்கியவனுக்கு வீட்டில் தூக்கம் வராது. பேச்சிப்பாறை அணைப் பக்கம் போய்த் தண்ணீரைப் பார்த்தபடி ஒரு நாள் முழுக்கக் கிடக்க வேண்டும், வண்டியோடு சேர்ந்து விரியும் பந்தல் ஒன்று வேண்டும் என்று எனக்குள் ஒரு பூதம் புகுந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வீடியோக்களில் விரிப்பார்களே, அது. வண்டிக் கூரையின் கேரியரில் நீளமான பையாகச் சுருண்டு கிடக்கும். ஜிப்பைத் திறந்து இழுத்தால் ஒரு கட்டில் அகலத்துக்குத் துணி வெளியே வரும். முனையில் மடங்கியிருக்கும் இரண்டு கால்களை நிமிர்த்தித் தரையில் ஊன்றி, கயிறு கட்டி, முளை அடித்தால் வேலை முடிந்தது. வீடியோவில் ஒரு ஆள் இதை ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிட்டுக் காபி குடித்தான்.

எந்தப் பந்தல் வாங்குவது என்று மூன்று வாரம் ஆராய்ச்சி செய்தேன். மயில் தோகை விரிப்பதுபோல வண்டியின் பக்கவாட்டையும் பின்புறத்தையும் சேர்த்து மூடும் ஒரு வகை உண்டு. அதற்குக் காலே வேண்டாம். ஆனால் கனம் அதிகம், என் ஜீப்பின் கேரியர் தாங்காது. ஆகவே நேராக இழுக்கும் வகை. துணியின் தடிமன், தண்ணீர் தாங்கும் அளவு, கம்பியின் உலோகம் என்று நோட்டுப் போட்டு எழுதினேன். சுஜா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மணலில் இந்தக் கால் நிற்குமா என்றாள். நாம் அணைக்குத்தான் போகிறோம், கடலுக்கு இல்லை என்று சொல்லி அந்தக் கேள்வியை நோட்டில் ஏற்றாமல் விட்டேன்.

பொருத்த லேத் பட்டறைக்குக் கொண்டுபோனபோது, பட்டறைக்காரர் எந்தப் பக்கம் என்று கேட்டார். வீடியோவைக் காட்டி வலது பக்கம் என்றேன்.

"சாரே, அது அந்த ஊரு வண்டி. ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கு பாத்தியளா? அவனுக்கு வலது பக்கம் ஓரம். நமக்கு வலது பக்கம் ரோடாக்கும்."

இயற்கைக்கு இடம் வலம் கிடையாது என்று ஒரு பதில் சொன்னேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் வலது பக்கமே முடுக்கிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் ஜீப்பை ஓரமாக நிறுத்தி விரித்துப் பார்த்தேன். பந்தல் தெருவின் நடுவில் போய் நின்றது. இரண்டு ஆட்டோக்கள் நின்றுவிட்டன. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து, சாவு வீட்டுக்கு வந்தவர்போலத் தணிந்த குரலில், "யாரு, எப்பம்?" என்று விசாரித்தார். அத்தோடு சுருட்டி வைத்தேன்.

இனி என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரின்ஸிக்கு அப்போது முப்பத்தொரு வயது. பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் பி.டி. டீச்சர். மைதானத்தின் ஒரு மூலையில் நின்று அவள் கூப்பிட்டால் மறு மூலையில் இருக்கும் பிள்ளை மட்டுமல்ல, மதிலுக்கு வெளியே போகிற ஐஸ்காரரும் நின்றுவிடுவார். மூன்று வீட்டார் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று முறையும் டீ தட்டு. முதல் வீட்டார் குரல் கூடுதல் என்றார்கள். இரண்டாவது வீட்டார் வெயிலில் நிற்கிற வேலை, பெண் கறுத்துப்போவாள் என்றார்கள். மூன்றாவது வீட்டார் காரணமே சொல்லவில்லை, அதுதான் ரொம்ப வலித்தது. வாசலில் கார் வந்து நின்றதைத் தெருவே பார்த்திருக்கும். மறுநாள் முதல் "முடிஞ்சுதா?" என்று விசாரிப்பு. மூன்றாவது முறைக்குப் பிறகு ஒரு மாதம் அவள் சபையின் பெண்கள் கூட்டத்துக்குப் போகவில்லை. எனக்கு அது மனதைப் பிசைந்தது. அண்ணன் என்று இருந்து என்ன செய்தோம் என்று தோன்றியது.

நான்காவதாகத் திருவட்டாறு பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. ஜெபின், முப்பத்து நான்கு வயது, ரப்பர் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறவர். நல்ல மனிதர், ஆனால் வாயைத் திறக்க மாட்டார் என்று தரகர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். பிரின்ஸி என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அண்ணே, இது கடைசி. டீ தட்டு கூடாது. தெருவுக்கும் தெரியக் கூடாது. முடியலன்னா அது எனக்க மனசோட போகட்டும்."

எங்கள் பக்கத்தில் இதற்கு வழக்கமாக ஒரு வழி உண்டு. ஜவுளிக்கடையிலோ ஓட்டலிலோ கோவில் வளாகத்திலோ இரு வீட்டாரும் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வதுபோலச் சந்திப்பார்கள். ஆனால் நாகர்கோவிலில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் என்னிடம் படித்த ஒருத்தன் பில் போட்டுக்கொண்டிருப்பான். நான் யோசித்தேன். யோசித்ததுதான் தப்பு. இராஜாக்கமங்கலம் தாண்டி ஆளில்லாத கடற்கரை இருக்கிறது, என்னிடம் பந்தல் இருக்கிறது, இதைவிட வேறென்ன வேண்டும் என்றேன். (தெருவுக்குத் தெரியாமல் பெண் பார்க்க ஆரஞ்சு நிறப் பந்தல் விரித்த முதல் குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.)

மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. மூன்று மணிக்கே போய்விட்டோம். மேற்கே வெகு தூரத்தில் சின்னக் கும்பல் ஒன்று கடலைப் பார்த்து நின்றது. கிழக்கேயும் அதே போல வெகு தூரத்தில் ஒரு கும்பல். இரண்டும் புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தன. நான் நடந்து அளந்து பார்த்து, இரண்டு கும்பலுக்கும் சம தூரத்தில் இருக்கிற இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். நடுப்புள்ளி. அதாவது எந்த மனிதரிடமிருந்தும் அதிகபட்சத் தூரம். கணக்கில் ஒரு பிழை இல்லை.

வலது பக்கப் பந்தல் கடலைப் பார்த்து விரிய வேண்டும் என்பதால் ஜீப்பைக் கிழக்கு முகமாக நிறுத்தினேன். ஒன்றரை நிமிட வேலை எனக்கு முக்கால் மணி நேரம் எடுத்தது. முளைகள் மணலில் கத்தி தயிரில் இறங்குவதுபோல இறங்கின. அதே சுகத்தோடு வெளியேயும் வந்தன. சுஜா என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன். கடைசியில் பெரிய கற்கள் தேடி வந்து கயிறுகளைக் கட்டி நிறுத்தினோம். கீழே ஐந்தாறு நாற்காலிகள், பிளாஸ்கில் டீ, ஒரு டப்பாவில் பழம்பொரி.

நான்கு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஜெபின், அவருடைய அம்மா, தாய்மாமன் மூன்று பேரும்தான். வாங்க வாங்க என்று பந்தலுக்குக் கீழே உட்கார வைத்தேன். உட்கார்ந்ததும் மூன்று பேரும் ஒரே சமயத்தில் கையைத் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டார்கள். மேற்கே சாய்ந்த சூரியன் பந்தலுக்கு அடியில் புகுந்து நேராக முகத்தில் அடித்தது. நிழல் எங்களுக்கு அடுத்தாற்போல், பந்தலைவிட்டு விலகி, ஜீப்பின் முன்பக்க மணலில் செவ்வகமாகத் தனியே கிடந்தது.

தாய்மாமன் நிதானமானவர். பந்தலை ஒருமுறை பார்த்தார், நிழலை ஒருமுறை பார்த்தார்.

"சாரே, நிழலு அங்கயில்லா கிடக்கு?"

நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் நிழலுக்குப் போனோம். பந்தலுக்கு அடியில் ஒருவரும் இல்லை. அவர் மறுபடியும் திரும்பிப் பார்த்துவிட்டு, "அப்பம் இது எதுக்காக்கும்?" என்று கேட்டார். அழகுக்கு என்றாள் சுஜா.

பேச்சு தொடங்கியது. பிரின்ஸியிடம் மெதுவாகப் பேசு, மெதுவாகப் பேசு என்று நான் வழியெல்லாம் ஓதியிருந்தேன். அவளும் வேண்டாவெறுப்பாகக் கேட்டுக்கொண்டாள். அவள் பதில் சொன்னவிதத்தில், ஜெபினின் அம்மா ஒவ்வொரு கேள்விக்கும் "என்ன மோளே?" என்று இரண்டு முறை திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது. ஜெபின் மணலைப் பார்த்தார். தரகர் சொன்னதில் மிகை இல்லை. ஆக ஒருத்திக்குக் குரல் வரவில்லை, ஒருத்தருக்கு வார்த்தை வரவில்லை. அலைதான் பேசிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் நான் ஒன்றைக் கவனித்தேன். மேற்கே இருந்த புள்ளிகளுக்குக் கை கால் முளைத்திருந்தது. கிழக்கே திரும்பினேன், அங்கேயும் அப்படியே. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் முகம் தெரிகிறது. பெண் பார்ப்பதை மோப்பம் பிடித்து இரண்டு பக்கமிருந்தும் வேடிக்கை பார்க்க வருகிறார்கள் என்று முடிவு செய்தேன். என் நாற்காலியை இந்தப் பக்கம் போட்டுப் பிரின்ஸியை மறைத்தேன். பிறகு அந்தப் பக்கம் போட்டு மறைத்தேன். தாய்மாமன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஆனால் அவர்கள் எங்களைப் பார்க்கவே இல்லை. எல்லோருடைய கையிலும் கயிறு இருந்தது. பின்னால் சாய்ந்து சாய்ந்து இழுத்தபடி, ஒவ்வொரு அடியாக எங்களை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

கரமடி. கடலோரத்தில் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் ஒரு கூட்டத்திடம் கொடுத்துவிட்டு, வள்ளத்தில் போய்க் கடலை வளைத்து மடி என்கிற வலையை இறக்கி, மறு நுனியை வெகு தூரம் தள்ளி இன்னொரு கூட்டத்திடம் கொடுப்பார்கள். இரண்டு கூட்டமும் இழுக்க இழுக்க, வலை கரையை நெருங்க நெருங்க, இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் நகர்ந்து வருவார்கள். கடைசியில் எந்த இடத்தில் சந்திப்பார்கள் என்று கேட்டால், நடுப்புள்ளியில். கடலிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டரில் நாற்பத்திரண்டு வருடம் வாழ்ந்து, மீனைக் குழம்பில் மட்டும் பார்த்த நாஞ்சில் நாட்டு வாத்தியாரான நான், அந்தக் கடற்கரை முழுவதிலும் ஐம்பது பேர் வந்து சேரப்போகிற ஒரே இடத்தை அளந்து கண்டுபிடித்துப் பந்தல் போட்டிருந்தேன்.

கரமடிக்காரர்களின் தலைவர் அந்தோணி என்பவர் வந்தார். மரியாதையாகத்தான் சொன்னார்.

"சாரே, மடி இங்கதான் கேறும். வண்டிய மாத்தணும்."

மாற்றிவிடலாம் என்று பந்தலை மடக்கப் போனேன். கால்களின் பூட்டுக்குள் மணல் புகுந்து இறுகிவிட்டது. விரிந்த பந்தலோடு வண்டியை ஓட்டவும் முடியாது. நான் முறுக்குவதையும் தட்டுவதையும் கெஞ்சுவதையும் அந்தோணி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பந்தல் கிடக்கட்டும், கயிற்றை மட்டும் அவிழ்த்துவிடுங்கள், ஆள் தடுக்கி விழும் என்றார். கயிற்றை அவிழ்த்ததும் சாயங்காலக் காற்று துணிக்கு அடியில் புகுந்து தூக்க ஆரம்பித்தது. காலுக்கு ஒரு ஆள் பிடித்தே தீர வேண்டும். நான் ஒரு காலைப் பிடித்தேன். தாய்மாமன் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, மறு காலைப் பிடித்துக்கொண்டார். அப்படியே துவாரபாலகர்கள்போல நின்றோம்.

கடலுக்குள் நீரோட்டம் மேற்கே இழுத்தது. இரண்டு பக்கமும் ஒரே சீராக வராவிட்டால் மடி கோணிவிடும், மீன் போய்விடும் என்று அந்தோணி சத்தம் போட்டார். ஆள் போதவில்லை. எங்களைப் பார்த்து, ஒரு கை கொடுங்கள் என்று கூப்பிட்டார். கயிற்றில் கை வைத்தவருக்கெல்லாம் பங்கு உண்டு என்பது அந்தக் கரையின் வழக்கம்.

நான் பிரின்ஸியின் காலைத்தான் பார்த்தேன். செருப்பு கழன்றிருந்தது. வேண்டாம் என்று கண்ணால் சொன்னேன், தலையால் சொன்னேன். கையால் சொல்ல முடியவில்லை, கையில் பந்தல் இருந்தது. அவள் பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் மேற்குக் கயிற்றில் கை வைத்தாள். கைப்பையிலிருந்து விசில் ஒன்று வெளியே வந்தது. (பெண் பார்க்கும் இடத்துக்கு விசில் கொண்டு வந்திருக்கிறாள்.) அவள் ஊதிய தாளத்துக்கு இருபது ஆண்கள் குதிகாலை மணலில் ஊன்றி இழுத்தார்கள். அந்தோணியே ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார்.

அதற்குள் ஜெபின் எழுந்து கிழக்குக் கயிற்றுக்குப் போயிருந்தார். அங்கேதான் ஆள் குறைவு. ஐந்து நிமிடம் கழித்து மைதானத்துக் குரல் கடற்கரையை எட்டியது.

"அந்தப் பக்கம் பிந்துது. மடி கோணுது."

கிழக்கேயிருந்து அதே அளவு சத்தமாக ஒரு பதில் வந்தது. யார் என்று திரும்பிப் பார்த்தேன். ஜெபின்.

"நாங்க பிந்தல டீச்சரே. நீங்கதான் முந்துறிய."

"அப்பம் விசிலக் கேட்டு இழுங்க."

"கேக்கணும்னா கொஞ்சம் சத்தமா ஊதுங்க."

அவளிடம் சத்தம் போதாது என்று சொன்ன முதல் ஆண்பிள்ளை அவர்தான். ஐம்பது பேர் சிரித்தார்கள். என் தங்கையும் சிரித்துக்கொண்டுதான் இழுத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குரல் கூடுதல் என்று ஏற்கெனவே ஒரு வீட்டார் போயிருந்தார்கள். மறு காலைப் பிடித்தபடி தாய்மாமன் என்னைக் கூப்பிட்டார்.

"சாரே, உங்க தங்கச்சி வீட்டுலயும் இப்படித்தான் சத்தம் போடுமா?"

இல்லை, குனிந்த தலை நிமிராது என்று சொல்ல வாயெடுத்தேன். காற்று பந்தலைத் தூக்கியது. இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டேன். பொய் சொல்வதற்கும் கொஞ்சம் கை வீச்சு தேவைப்படும்போல.

"வீட்டுல இதவிடக் கொஞ்சம் கூடுதல்" என்றேன்.

அவர் கிழக்குக் கயிற்றைப் பார்த்தார். "எனக்க மருமவன் அப்பன் செத்த பொறவு இவ்வளவு சத்தமா ஒரு வார்த்த பேசி நான் கேட்டதில்ல" என்றார். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

மடி ஏறியது. சாளையும் நெத்திலியும் வெள்ளியாகத் துள்ளின. ஏலம் எங்கள் பந்தலுக்கு அடியில் நடந்தது. அலுமினிய வட்டகையோடு மீன் எடுக்க வந்த பெண்களில் ஒருத்தி என்னைப் பார்த்து நின்றாள். சலேத்தம்மா. எங்கள் தெருவுக்கு நாள் தவறாமல் மீன் கொண்டுவருகிறவள். அவள் பிரின்ஸியைப் பார்த்தாள், ஜெபினைப் பார்த்தாள், அவருடைய அம்மாவின் பட்டுச்சேலையையும் பழம்பொரி டப்பாவையும் பார்த்தாள். அதற்குமேல் அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சலேத்தம்மா, இது வெளியே தெரியக் கூடாது என்று கெஞ்சினேன்.

"நான் யாருகிட்ட சாரே சொல்லப் போறேன்" என்று சொல்லிவிட்டு, வட்டகையைத் தலையில் தூக்கிக்கொண்டு போனாள்.

பங்கு பிரித்தார்கள். பிரின்ஸிக்கு ஒரு கூறு, ஜெபினுக்கு ஒரு கூறு. ஏலத்துக்கு இடம் கொடுத்ததால் பந்தலுக்கும் ஒரு கூறு என்று அந்தோணி வைத்தார். தூணைப் பிடித்து நின்றவர்களுக்கு என்ன என்று தாய்மாமன் கேட்டார்.

"கயித்துல கை வச்சாதான் மாமா பங்கு. பந்தலுக்கு உண்டு, ஒங்களுக்குக் கெடையாது" என்றார் அந்தோணி.

பந்தலை மடக்கி முடிக்க எனக்கு இன்னொரு முக்கால் மணி நேரம் ஆயிற்று. திரும்பும் வழியில் பிரின்ஸி பின் சீட்டில் உட்கார்ந்து, கயிறு அறுத்துச் சிவந்திருந்த உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"போச்சுன்னா போகட்டும் அண்ணே. மூணு வீட்டுக்காரங்களும் தட்டோட நின்னவளத்தான் வேண்டாம்னு சொன்னாங்க. இந்தத் தடவ என்னையப் பாத்துட்டாவது சொல்லட்டும்."

மெதுவாகப் பேசு என்று வழியெல்லாம் ஓதினேனே, அதற்காக வெட்கப்பட்டேன்.

தெருவுக்குள் நுழைந்தபோது சலேத்தம்மா எங்களுக்கு முன்பே வந்து, மீனையும் செய்தியையும் வீடுவீடாக இறக்கிவிட்டுப் போயிருந்தாள். எதிர்வீட்டுத் தலைமையாசிரியர் மறுபடியும் வெள்ளைச் சட்டை போட்டு நின்று என் கையைக் குலுக்கினார். மறுநாள் ஆராதனை முடிந்ததும் போதகரின் மனைவி தேதி குறித்தாயிற்றா என்று கேட்டார். நான் பூமி பிளக்காதா என்று நின்றேன். பிரின்ஸி நிமிர்ந்து நின்று, "இன்னும் பதில் வரல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

திங்கட்கிழமை பதில் இல்லை. வேண்டாம் என்கிற பதில்தான் மெதுவாக வரும் என்பது மூன்று முறை பட்ட அனுபவம். எனக்குச் சோறு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தரகர் மூலமாக இல்லாமல் தாய்மாமனே போன் செய்தார். நலம் விசாரித்தார், பந்தலின் நலமும் விசாரித்தார்.

"எனக்க மருமவன் ஒரு காரியம் கேக்கான் சாரே. அங்க இனி எப்பம் மடி இழுப்பாவன்னு தெரியணுமாம். உங்க தங்கச்சியும் வருமான்னு கேக்கான்."

போனைப் பிரின்ஸியிடம் கொடுத்துவிட்டுப் போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்சம் அழுதேன். கண்ணில் மணல் விழுந்துவிட்டது என்று சுஜாவிடம் சொன்னேன்.

பிரின்ஸிக்குக் கல்யாணமாகி நான்கு வருடமாகிறது. பந்தல் இன்னும் ஜீப்பின் வலது பக்கம்தான் இருக்கிறது. எத்தனை முறை கழுவியும் சாளை வாடை போகவில்லை. ஒருவழியாகப் பேச்சிப்பாறைக்குக் கொண்டுபோய் விரித்தபோது, அந்தப் பக்கத்துப் பூனைகளெல்லாம் கூடிவிட்டன. குடும்பத்தோடு எங்கே போனாலும் வண்டி நிறுத்த இடம் தேடும்போது, "நடுவுல பாத்து நிறுத்துங்க அத்தான்" என்று ஜெபின் சத்தமாகச் சொல்வார். ஆம், சத்தமாகத்தான். இப்போது அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே குரல்.

பண்டிகைக்குத் திருவட்டாறு போனால் மீன்குழம்பு உண்டு. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் இருப்பதிலேயே பெரிய துண்டு ஒன்றைப் பிரின்ஸி தனிக் கிண்ணத்தில் எடுத்து வைப்பாள். "இது பந்தலுக்கு" என்பாள். பந்தல் சாப்பிடாது என்பதால் அது வாசலில் நிற்கும் பூனைக்குப் போகும். பந்தியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கும் தாய்மாமனும் நானும் அந்தத் துண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். அரை மணி நேரம் தூணைப் பிடித்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். எங்களுக்கு இன்றுவரை பங்கு கிடையாது.